பதினொன்றரை மணி அறிக்கையின் வால்

எங்கள் அலுவலகத்தில் மழையை எழுதுகிறவன் நான், வாசிக்கிறவள் அவள். எழுதினவனை ஒருத்தருக்கும் தெரியாது. வாசித்தவளைத் தெரியாதவர் கிடையாது. கடற்கரையிலிருந்து செங்கல் சூளைகள் வரைக்கும் யார் நாலு எண்ணை அழுத்தினாலும் அவள் குரல் வரும்: "வணக்கம். வட்டார வானிலை அறிக்கை." ஊர் அவளுக்கு வைத்த பெயர் வானிலையக்கா. என்னைவிட நாலு வயது சின்னவள். ஆனால் எழுபது வயதுப் படகுக்காரரும் அக்கா என்கிறார், பள்ளிக்கூடம் போகும் என் மகளும் அக்கா என்கிறாள். நான் மட்டும் தனியாக என்ன முறை கொண்டாடுவது? நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் தட்டச்சு வேலைக்குத்தான் வந்தாள். அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தவருக்கு மாற்றல் வந்தது. அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரையும் நிற்க வைத்து ஆளுக்கு ஒரு வரி வாசிக்கச் சொன்னார்கள். நானும் வாசித்தேன். இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது என்று உட்கார வைத்துவிட்டார்கள். அவள் முறை வந்தது. "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று அவள் வாசித்ததும், வாசலில் நின்ற காவலாளி ஓடிப்போய் கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் சட்டையை எடுத்து உள்ளே போட்டார். வெளியே பளீரென்று வெயில். அதற்கு மேல் தேர்வு எதற்கு?

பதிவு அறை என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, கோப்பு அறையின் மூலையில் பலகை அடித்து மறைத்த இடம்தான் அது. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளிகளை ஆணியடித்து மாட்டியிருப்போம். மின்விசிறி ஓடினால் சத்தம் பதிவாகும் என்பதால் அதையும் நிறுத்தவேண்டும். கோடையில் "அதிகபட்ச வெப்பநிலை முப்பத்தொன்பது டிகிரி" என்று வாசித்துவிட்டு வெளியே வரும்போது அவளே அதற்கு அத்தாட்சியாகத் தொப்பலாக நனைந்திருப்பாள்.

மேசைமேல் ஒரு சிவப்புத் தொலைபேசி. எண்ணை அழுத்தி, 'பீப்' வந்ததும் வாசிக்கவேண்டும். வாசித்து முடித்ததும் நட்சத்திரப் பொத்தானை அழுத்தினால் பதிவு நிற்கும். மறந்துவிட்டால், மூன்று நிமிடம் ஆகும்வரை அந்தக் கருவி தன் காதில் விழுவதையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு, தானாகவே ஊருக்கு அனுப்பிவிடும். அவள் ஒருநாளும் மறந்ததில்லை. அதோடு தனக்கென்று ஒரு விதியும் வைத்திருந்தாள். வெளியே வந்து தன் கைபேசியில் அதே நாலு எண்ணை அழைத்து, தன் குரலைத் தானே ஒருமுறை முழுதாகக் கேட்ட பிறகுதான் தண்ணீர் குடிப்பாள்.

இன்னொரு கர்வமும் அவளுக்கு உண்டு. எத்தனை சளி பிடித்தாலும் குரலில் காட்டமாட்டாள். "எனக்கு மூக்கு ஒழுகினா ஊருக்கு என்ன? ஊருக்கு வேண்டியது வானம் ஒழுகுமா ஒழுகாதாங்கறது" என்பாள். நான் சொல்லப்போகும் அந்த வாரம்கூட அவளுக்கு நல்ல சளி. மேசை இழுப்பறையில் சேர்ந்த கைக்குட்டைகளை வைத்துத்தான் எங்களுக்கே தெரியும். தொலைபேசியில் கேட்டவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஊருக்கே அக்காவாக இருந்தவளுக்கும் ஓர் அக்கா உண்டு. நாங்கள் 'பெரியக்கா' என்போம். ஆற்றுமுகத்தை ஒட்டிய கீழத்தெருவில் சலவைக்கடை வைத்திருந்தாள். இரண்டு துவைக்கும் மிஷின், ஒரு நீராவி இஸ்திரிப்பெட்டி, மொட்டைமாடி முழுக்கக் கம்பிக்கொடி. அம்மா சின்ன வயதிலேயே போய்விட, தங்கைக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதும், தட்டச்சு படிக்க வைத்ததும் எல்லாம் அவள்தான். பிடிவாதத்தில் மகாராணி. கீழத்தெருவில் ஒரு காரியம் நடக்கவேண்டுமென்றால் முதலில் பெரியக்கா தலையசைக்கவேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு புயல் வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனது. சிவப்பு எச்சரிக்கை எழுதியவன் நான். அதை வாசித்த தங்கையின் குரலை நம்பி, பெரியக்கா கடையிலிருந்த துணியையெல்லாம் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். மேடு ஏறும்போது வண்டி குடைசாய்ந்தது. ஒரு விடுதியின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் இருநூறும் சேற்றில் விழுந்து புரண்டன. புயலோ கடலிலேயே வடக்கே திரும்பி, எங்களிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் கரைந்துபோயிற்று. மறுநாள் பல்லைக் காட்டிக்கொண்டு வெயில் அடித்தது. விடுதிக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்குப் பெரியக்கா எங்கள் அலுவலக வாசலில் நின்று, நாங்கள் அத்தனை பேரும் கேட்கச் சொன்னது இது: "உன் வாயால மழைன்னு சொன்னா இனிமே நான் குடைகூட எடுக்கமாட்டேன். உன் சங்காத்தமே வேணாம்."

அதோடு பேச்சு நின்றது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எய்த நான் தினமும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்புதான் மூன்று வருடமாக அக்கா வீட்டு வாசலுக்குப் போகமுடியாமல் இருந்தது. கல்லூரியில் படிக்கும் பெரியக்காவின் மகள்தான் இடையில் தோணி ஓட்டிக்கொண்டிருந்தாள். "சித்தி, அம்மா நல்லாருக்கா." "அம்மா, சித்தி கேட்டா." அவ்வளவுதான் போக்குவரத்து.

இந்த வருடம் மறுபடியும் ஒன்று உருவானது. இந்த முறை எனக்குச் சந்தேகமே இல்லை. படத்தில் அது நேரே எங்கள் ஆற்றுமுகத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. மறுநாள் விடியுமுன் கரையைக் கடக்கும், கீழத்தெரு முழுகும், மாலை ஐந்து மணிக்கு இரும்புப் பாலத்தை மூடிவிடுவார்கள். மூடினால் கீழத்தெரு தனித்தீவு. தெருமுனையில் காலையிலேயே இரண்டு பேருந்துகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஏறத்தான் ஆளில்லை. புலி வருது புலி வருது என்று ஒருதரம் கத்திவிட்டோம் அல்லவா? "பெரியக்கா கிளம்பட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று தெருவே உட்கார்ந்திருந்தது. பெரியக்காவோ கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரை மணி அறிக்கையை என் வழக்கப்படி எழுதிக்கொடுத்தேன். "கரையோரத்துக்குத் தென்கிழக்கே சுமார் முந்நூறு கிலோமீட்டர் தொலைவில் மையம் கொண்டுள்ள புயல், மேற்கு வடமேற்காக நகர்ந்து, நாளை அதிகாலை கரையைக் கடக்கக்கூடும், தாழ்வான பகுதிகளில் நீர் புகக்கூடும்." எங்கள் துறையே 'கூடும்' என்ற சொல்லின்மேல் கட்டிய வீடு. பெய்தாலும் எங்களுக்கு ஜெயம், பெய்யாவிட்டாலும் எங்களுக்கு ஜெயம். அவள் அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். காகிதத்தோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கண்கள் சிவந்து வெளியே வந்தாள். சளிதான் என்று நினைத்தேன். வழக்கம்போலத் தன் குரலைக் கேட்க நாலு எண்ணை அழைத்தாள். இணைப்பு கிடைக்கவில்லை.

"பிஸியாவே இருக்கு."

"நல்லதுதானே அக்கா, ஊரே கேக்குது" என்றேன். என் வாய்க்குச் சர்க்கரை போடலாம். அத்தனை சரியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு மணிக்கு அவள் சாப்பிடப் போனாள். என் மேசைத் தொலைபேசி அடித்தது. செங்கல் சூளைக்காரர். சுடாத பச்சைக்கல் நனைந்துவிடுமோ என்று தினமும் கேட்கிறவர். அன்று கல்லைப் பற்றிப் பேச்சே இல்லை.

"சார், அக்கா வந்துட்டாங்களா?"

"சாப்பிடப் போயிருக்காங்க."

"அவங்க இல்ல சார். அக்காவோட அக்கா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வைத்ததும் பேருந்து ஓட்டுநர் ஒருவர் அழைத்தார். அவருக்கும் அதே கேள்வி. அடுத்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, அவர் அழுதுகொண்டே கேட்டார். நான் நாலு எண்ணை ஆறேழு முறை முயன்று, கடைசியில் இணைப்புக் கிடைத்ததும் ஒலிபெருக்கியை அழுத்தினேன். எங்கள் இயக்குநரும் வந்து நின்றார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பாரோமீட்டர். முகம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தே அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடலாம்.

என் அறிக்கை கம்பீரமாக ஓடியது. "இந்த அறிக்கை காலை பதினொன்று முப்பதுக்கு வெளியிடப்பட்டது. வணக்கம்." அங்கே நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. ஒரு கைபேசி மணி. பிறகு அவள் குரல்:

"சொல்லுடா கண்ணு. என்ன பண்றா உங்கம்மா? ... இஸ்திரி போடறாளா? அட ராமா! இங்க பாரு, போனை அவ காதுகிட்ட வை. வாங்கலேன்னா பரவால்ல, நீ நான் சொல்றதை அப்படியே சொல்லு. ஆபீஸ்காரங்க எழுதறதை விடு, அவங்க செத்தாலும் கூடும் கூடும்னுதான் எழுதுவாங்க. வரும். நான் படத்தைப் பாத்தேன், வரும். உங்க கடையில இடுப்பளவு தண்ணி நிக்கும். மாடியில கம்பியை அவுத்துடு, அறுந்துச்சுன்னா கழுத்தை வெட்டும். கேஸை மூடு. மெயினை அணை. அஞ்சு மணிக்கு முன்னாடி பாலத்தைத் தாண்டிருங்க. மிஷினைக் கட்டிக்கிட்டு அழறாளா? மிஷின் போனா வேற வாங்கிக்கலாம். அக்கா போனா நான் எந்தக் கடையில போய் வாங்குவேன்? ... போன தடவை பொய்யாப் போச்சு. ஆமா, போச்சு. யார் இல்லேன்னா? அதுக்காக இந்தத் தடவை சும்மா இருக்கச் சொல்றியா? மூணு வருஷமா பேசல. இன்னும் முப்பது வருஷம் பேசவேணாம். ஆனா உயிரோட இருந்து பேசாம இருக்கச் சொல்லு. கோவத்தையும் மூட்டை கட்டித் தூக்கிட்டு வரட்டும், இங்க நிறைய இடம் இருக்கு..."

மூன்று நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தது.

பாரோமீட்டர் முகம் நான் இதுவரை பார்த்திராத ஆழத்துக்கு இறங்கியிருந்தது. "துறை மானம் கப்பலேறிடுச்சு" என்றார். அந்நேரம் அவள் கழுவிய சாப்பாட்டு டப்பாவோடு, கை ஈரம் சொட்ட உள்ளே வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். ஒலிபெருக்கியைப் பார்த்தாள். டப்பா நழுவிக் கீழே விழுந்து உருண்டு, என் காலடியில் வந்து நின்றது.

"நட்சத்திரம்..." என்றாள். "நான் நட்சத்திரத்தை அழுத்தலையா?"

"எப்படியம்மா மறந்தே?" என்று கேட்டார் அவர்.

"பட்டனுக்குக் கையைக் கொண்டு போனேன் சார். அதே கையில போன் அடிச்சுது. எங்கக்கா மக பேரைப் பாத்தேன். அதுக்கப்புறம் கை வேற வேலைக்குப் போயிடுச்சு."

அவளுக்கு வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவளுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. "அவ கிளம்பினாளான்னே தெரியல சார். இப்ப பொண்ணு போனும் எடுக்கல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மணி ஒன்றேமுக்கால். பாலம் மூட மூன்றேகால் மணி நேரம்.

இயக்குநர் வாயைத் திறக்குமுன் மறுபடியும் தொலைபேசி. மீன் சந்தையில் ஒலிபெருக்கி வைத்திருப்பவர். அரைமணிக்கு ஒருமுறை எங்கள் அறிக்கையை அப்படியே சந்தைக்கு முழங்க விடுகிற புண்ணியவான்.

"சார், தயவுசெஞ்சு அதை மாத்திடாதீங்க. நாலு தரம் போட்டுட்டேன். மொதத் தரம் சிரிச்சாங்க. ரெண்டாந்தரம் சும்மா நின்னு கேட்டாங்க. இப்ப மேல இழுக்காத படகு ஒண்ணு கிடையாது. பொம்பளைங்க எல்லாரும் மீன் கூடையைக் கவுத்துட்டு அந்தக்காவைக் கூட்டிட்டு வரப் போயிருக்காங்க."

"எந்தக்காவை?"

"அதான் சார், எந்தக் கடையிலயும் கிடைக்காத அக்காவை."

பாரோமீட்டர் தொலைபேசியை வைத்தார். ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். முகம் ஒரு கோடு ஏறியதை நான் கவனித்தேன். "ரெண்டரை அறிக்கையை வாசி" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "முடிச்சதும் உடனே பட்டனை அழுத்தணும்னு அவசரமில்ல. எங்களைப் பத்தி எதுவும் சொல்லாம, மத்ததைச் சொல்லு" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் அந்தக் கூடுமை எடுய்யா" என்றார். இருபத்திரண்டு வருட வேலையில் முதல்முறையாக 'கரையைக் கடக்கும்' என்று எழுதினேன். முற்றுப்புள்ளியைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.

கீழத்தெருவில் நடந்ததை அக்கா மகள் பிற்பாடு எங்களுக்கு நடித்தே காட்டினாள். காதருகே வைத்த போனைப் பெரியக்கா கையால் தள்ளிவிட்டிருக்கிறாள். மகள் சொல்லச் சொல்ல, காதில் விழாதவள்போல இஸ்திரி போட்டிருக்கிறாள். இரண்டு மணிக்குக் கடை வாசலில் முப்பது பேர். முன்னால் நின்ற மீன்காரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏம்மா, உயிரோட இருந்து பேசாம இருக்கணுமாமே நீ? வா, பஸ்ஸுல ஏறி உக்காந்து பேசாம இரு" என்றாள்.

"யார் சொன்னது?"

"உன் தங்கச்சிதான். மைக்குல."

"மைக்குலயா!" இஸ்திரிப்பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்தாள் பெரியக்கா. "எங்க வீட்டுச் சண்டையை மைக் போட்டா சொல்றா?"

"கோவத்தை மூட்டை கட்டித் தூக்கிட்டு வரச் சொன்னாங்க" என்றார் பின்னால் நின்ற பேருந்து ஓட்டுநர். "டிக்கெட் வேணாம்."

"மிஷினைக் கட்டிக்கிட்டு அழுதேன்னு வேற சொன்னாளா?"

"அழறியான்னு கேட்டாங்க" என்றாள் மீன்காரம்மா. "நாங்களே பாக்கறோமே, அழல. கண்ணால எரிக்கிற."

பெரியக்கா மெயினை அணைத்தாள். கேஸை மூடினாள். மாடிக்குப் போய்க் கம்பியைத் தானே அவிழ்த்தாள். "நான் ஒண்ணும் புயலுக்குப் பயந்து வரல. அவளை நேர்ல பாத்து நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கணும், அதுக்குத்தான் வர்றேன்" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டுக் கடையைப் பூட்டினாள். துணி மூட்டைகளை மீன் கூடைகளில் வைத்துக் கைமாற்றிக் கைமாற்றிப் பேருந்தில் ஏற்றினார்கள். இந்த முறை ஒன்றுகூடக் கீழே விழவில்லை. எதற்காகக் கிளம்பினாள் என்று யார் பார்த்தார்கள்? பெரியக்காவே பூட்டைப் போட்டுவிட்டாள் என்பதுதான் தெரிந்தது. அரைமணி நேரத்தில் கீழத்தெரு முழுக்கப் பூட்டு. இரண்டு பேருந்து பத்தவில்லை. இன்னும் மூன்று வந்தன.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. எங்கள் அலுவலகத்துக்கும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே மதில். அவள் ஜன்னலில் நின்று, சாலை திரும்பும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வலுத்துவிட்டது. ஒவ்வொரு பேருந்து வரும்போதும் இறங்குகிற தலைகளை எண்ணினாள். முதல் பேருந்து. இரண்டாவது. மூன்றாவது. நாலரை ஆயிற்று. "வரமாட்டா. எனக்குத் தெரியும். அவளை எனக்குத் தெரியாதா?" என்றாள். நான் எதற்கும் லாயக்கில்லாதவனாகப் பக்கத்தில் நின்றேன். எழுதத் தெரிந்தவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவேண்டுமா என்ன?

நாலேமுக்காலுக்குக் கடைசிப் பேருந்து வந்தது. அதிலிருந்து முதலில் இறங்கியது ஓர் இஸ்திரிப்பெட்டி. அதைப் பிடித்துக்கொண்டு பெரியக்கா. சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். கையில் குடை இல்லை. சொன்ன சொல் தவறாதவள்.

தங்கை படியிறங்கி மழையிலேயே ஓடினாள். "அக்கா!" பெரியக்கா நின்றாள். நாலு கேள்வி கேட்கப் போகிறாள் என்று பள்ளிக்கூடத் தாழ்வாரமே காதைத் தீட்டிக்கொண்டது. அவள் தங்கையைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, "உங்க சித்திகிட்ட சொல்லு, மழையில நிக்கவேணாம்னு" என்றுவிட்டு உள்ளே நடந்தாள்.

பள்ளிக்கூடம் நிறைந்து வழிந்ததால் சிலருக்கு எங்கள் கோப்பு அறையைத் திறந்துவிட்டார் இயக்குநர். பெரியக்காவுக்கு வாய்த்த இடம் பதிவு அறைப் பலகைக்கு அந்தப் பக்கம். ராத்திரி காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. இருவரும் எட்டினால் தொடும் தூரத்தில் இருந்துகொண்டு, நடுவில் அந்தப் பெண்ணை வைத்தே பேசிக்கொண்டார்கள். "உங்க சித்திகிட்ட சொல்லு, அந்த ஜன்னலைச் சாத்தணும்னு." "உங்கம்மாகிட்ட சொல்லு, கொக்கி உடைஞ்சிருக்குன்னு." பெரியக்கா எழுந்து, துணி மூட்டையிலிருந்து ஒரு கயிற்றை உருவி ஜன்னலைக் கட்டினாள். அந்தப் பெண் களைத்துப்போய் நடுவிலேயே தூங்கிவிட்டாள். அதன்பின் இருவருக்கும் பேச வழியில்லை.

மூன்றரைக்குப் புயல் கரையைக் கடந்தது. விடிந்தபோது காற்று அடங்கி, சாம்பல் நிற வானத்தில் சாதுவாகத் தூறிக்கொண்டிருந்தது. கீழத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். துவைக்கும் மிஷின் ஒன்று கடைக் கதவை உடைத்துக்கொண்டு மிதந்து, பாலத்தடியில் போய்ச் சிக்கியிருக்கிறதாம். ஆள் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நாலு எண்ணுக்கு மட்டும் அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. இணைப்புக் கிடைக்காதவர்கள் என்னை அழைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "அக்கா வந்தாங்களா? பேசினாங்களா?" வந்தார்கள் என்று சொன்னேன். பேசினார்களா என்றவர்களிடம், இன்னும் அக்கா மகள் வழியாகத்தான் என்றேன்.

எட்டரை அறிக்கைக்கு அவள் உள்ளே போனாள். பலகைக்கு இந்தப் பக்கம் நானும் இயக்குநரும் நின்றோம். முதல் நாள் நனைந்தது வேலையைக் காட்டியிருந்தது. "புயல் கரையைக் கடந்து வலுவிழந்துவிட்டது. கீழத்தெரு, ஆற்றுமுகப் பகுதிகளில் உயிர்ச்சேதம் ஏதும் இல்லை" என்று வாசிக்கும்போது குரல் உடைந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. சளியா, வேறு எதுவுமா, யார் கண்டது? எப்படியோ "வணக்கம்" வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நட்சத்திரத்தை அழுத்தவேண்டுமே என்று இயக்குநர் உள்ளே நுழைந்து விரலை நீட்டினார்.

அவரை ஒரு முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு பெரியக்கா வந்தாள். கையில் ஆவி பறக்கும் பாத்திரம், தோளில் துண்டு.

"ஏண்டி, செவ்வாக்கிழமை காலையிலேருந்து மூக்கடைச்சுக் கிடக்கு உனக்கு. வடமேற்குன்னு வரவேண்டிய இடத்துல வடபேற்குன்னு வருது. ஆவி புடிச்சியா இல்லையா?"

அவள் முகத்திலிருந்து கைகளை எடுத்தாள். "கேட்டியாக்கா?"

"பின்ன? கடை வெச்சிருக்கேன், துணி காயப்போடணும். எந்திரிச்சதும் மொத வேலையே அதான். மூணு வருஷமா."

"என் வாயால சொன்னா குடைகூட எடுக்கமாட்டேன்னே?"

"குடை எடுக்கமாட்டேன்னுதான் சொன்னேன். துணி எடுக்கமாட்டேன்னா சொன்னேன்?"

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பெரியக்கா பாத்திரத்தைச் சிவப்புத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்து, தங்கையின் தலையை அமுக்கித் துண்டைப் போட்டு மூடினாள். இயக்குநரின் விரல் இன்னும் பொத்தான்மேல் அந்தரத்தில் நின்றது. அவர் அதை மெல்ல மடக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பாரோமீட்டர் அவ்வளவு உயரம் ஏறி நான் பார்த்ததில்லை. எனக்கும் கண் கரித்தது. ஒளித்து என்ன ஆகப்போகிறது? மூன்று வருடமாக என் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்து வெளியே போட்டார்கள்.

கொஞ்ச நேரம் ஆயிருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடத்தில், யாரோ கைபேசியை உரக்க வைத்தார்கள். "வடபேற்குன்னு வருது. ஆவி புடிச்சியா இல்லையா?" என்று பெரியக்காவின் குரல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. அடுத்த நொடி கீழத்தெரு மொத்தமும் கொல்லென்று சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். என் மேசைத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. சூளைக்காரராகத்தான் இருக்கும்.

பெரியக்கா சுவரையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏண்டி, மறுபடியும் பட்டனை அழுத்தலையா நீ?"

துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "அழுத்தலக்கா."

"சரி, குனி" என்றாள் பெரியக்கா. "ஆவி ஆறுது."